அப்பாவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. எங்கள் குடும்பத்தின் ஐந்து தலைமுறை வரலாற்றைத் தொகுத்து, வருகிற மே மாதம் குடும்பக் கூடுகையில் சிறு புத்தகமாக வெளியிடப்போகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. அப்பாவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர். சித்தப்பா மகன் வரைந்து அனுப்பிய வம்ச வரைபடத்தில் மூன்று பேர்தான் இருக்கிறோம். மூத்த அண்ணன் இல்லை. கூட்டு வியாபாரம் ஒன்றில் இறங்கி, அப்பாவின் இரண்டு ஏக்கர் வயலையும் வீட்டையும் அடமானம் வைத்து, எல்லாம் மூழ்கியபின் அண்ணன் ஊரைவிட்டே போய்விட்டார். 1998-ல் பம்பாயில் ஒரு வாடகை அறையில் இறந்தார். நாங்கள் யாரும் போகவில்லை. "கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடு, இதெல்லாம் எதற்கு அக்கா" என்கிறான் சித்தப்பா மகன். எனக்கும் 1984-ல் முதல் மகன் பிறந்து நான்கே நாளில் போய்விட்டான். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. நான் மட்டும் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அவனை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இந்த வருஷ வேதவாசிப்பில் 1 நாளாகமம் 7-ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது, எப்பிராயீம் தன் பிள்ளைகளுக்காக அநேகநாள் துக்கங்கொண்டாடினான் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது அவனுக்குக் கிடைத்த தண்டனையா? பெயர்ப்பட்டியலுக்கு நடுவில் அதை ஏன் எழுதி வைத்தார்கள்? நான் என்ன எழுதட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அண்ணனை எழுதுங்கள். மகனையும் எழுதுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்க நாள் குறித்திருப்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்காக, எவ்வளவு எழுதலாம் என்பதற்கு நீங்கள் நின்ற அந்த வசனத்துக்கே போவோம்.

கிராமச் சேகரங்களில் ஆயராக இருந்துவிட்டு, அப்புறம் வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தப் போனவன் நான். 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை முழுக்க வாசித்தவர்கள் யார் என்று வகுப்பில் கேட்டால் இரண்டு மூன்று கைகள்தான் எழும்பும். ஆதாமில் தொடங்கி ஒன்பது அதிகாரமும் பெயர், பெயர், பெயர். தியானத்துக்கு ஒன்றும் இல்லை என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். நீங்கள் தள்ளவில்லை. ஒரு குடும்பத்துப் பெயர்களை வரிசையாக எழுதி உட்கார்ந்திருக்கிறவர் என்பதால்தான் அந்த இடம் உங்களை நிறுத்தியிருக்கிறது.

எப்பிராயீம் யோசேப்பின் இளைய மகன், எகிப்தில் பிறந்தவன். நான் சிறுமைப்பட்டிருந்த தேசத்தில் தேவன் என்னைப் பலுகப்பண்ணினார் என்று சொல்லி யோசேப்பு வைத்த பெயர் அது. பலுகிப் பெருகுவான் என்று பெயர் வாங்கியவனுடைய வரிசை, இன்னாருடைய குமாரன் இன்னார் என்று சீராகப் போய்க்கொண்டே இருந்து, 21-ஆம் வசனத்தில் இடறுகிறது. எத்சேர், எலியாத் என்ற பெயர்களைச் சொன்ன கையோடு, அந்தத் தேசத்தில் பிறந்த காத் ஊரார் அவர்களைக் கொன்றுபோட்டார்கள் என்று வருகிறது. காரணம் ஆடுமாடு. யார் மந்தையை யார் பிடிக்க வந்தார்கள் என்பது எபிரெய வாக்கியத்தில் அவ்வளவு திட்டமாக இல்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகள்தான் காத் ஊராரின் மந்தையை ஓட்டிக்கொண்டுபோக இறங்கினார்கள் என்று எடுப்பவர்களே அதிகம். அங்கே வருகிற சொல் 'இறங்கினார்கள்' என்பது. காத் சமவெளி ஊர், எப்பிராயீம் கோத்திரம் குடியேறியது மலைநாடு. (எப்பிராயீம் எகிப்தில் அல்லவா இருந்தான், அவன் பிள்ளைகள் காத் பக்கம் எப்படிப் போனார்கள் என்று ஒரு பழைய விவாதம் உண்டு. அதற்குள் இப்போது போகவேண்டாம்.)

அப்படியானால் இவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வெட்டுப்பட்டவர்கள் இல்லை. கொள்ளைக்குப் போன இடத்தில் செத்தவர்கள். 'தானே போய்த் தேடிக்கொண்டான்' என்று ஊர் உங்கள் அண்ணனைச் சொன்னதுபோல இவர்களையும் சொல்லியிருக்கும். அந்தத் தகப்பன் அவர்களுக்காகத்தான் அநேகநாள் துக்கங்கொண்டாடினான்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். இன்று கொண்டாட்டம் என்றால் நமக்குப் பந்தலும் பலகாரமும்தான் நினைவுக்கு வருகிறது. துக்கத்தைப் போய் எப்படிக் கொண்டாடுவது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பழைய தமிழில் கொண்டாடுவது என்றால் ஒன்றை முறையாக, மதித்து அனுசரிப்பது. எப்பிராயீம் துக்கத்தை மறைக்கவில்லை, நாலு பேர் பார்க்க அனுசரித்தான். அதனால்தான் அடுத்து, அவன் சகோதரர் அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள் என்று எழுத முடிந்தது. வெளியே தெரியாத துக்கத்துக்கு யார் வருவார்கள்?

இன்னொன்று. எபிரெயத்தில் 'அநேகநாள் துக்கித்தான்' என்று இங்கே வரும் சொற்கள், ஆதியாகமம் 37-ல் யோசேப்பின் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அழுத யாக்கோபுக்கும் அப்படியே வருகின்றன. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே வாக்கியம். அங்கேயும் ஆறுதல் சொல்ல ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வந்தது யார்? யோசேப்பை விற்றுவிட்டு, அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து கொடுத்த மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யாக்கோபு அந்த ஆறுதலைத் தள்ளிவிட்டான். நடந்ததை மறைத்துவைத்துக்கொண்டு சொல்கிற ஆறுதல் எப்படி ஒட்டும்? பேரனுடைய வீட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகள் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே வந்தவர்களை அவன் தள்ளியதாக எழுதியிருக்கவில்லை.

இது தண்டனையா என்று கேட்டீர்கள். நாளாகமத்தை எழுதியவர் தண்டனையைத் தண்டனை என்று சொல்லத் தயங்குகிற ஆள் இல்லை. யூதாவின் மூத்த மகன் ஏர் கர்த்தருடைய பார்வைக்குப் பொல்லாதவனாயிருந்தான், அவர் அவனைக் கொன்றுபோட்டார் என்று 2:3-ல் நேரடியாக எழுதுகிறார். சவுல் தன் துரோகத்தினால் செத்தான் என்று 10:13-ல் எழுதுகிறார். அப்படிப்பட்டவர் 7-ஆம் அதிகாரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கொன்றவர்கள் காத் ஊரார், அழுதவன் தகப்பன், வந்தவர்கள் சகோதரர். அவ்வளவுதான். தேவன் செய்தார் என்று அவர் எழுதாத இடத்தில் நாமாக எழுதிச் சேர்க்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

நான்கு நாள் குழந்தையை அடக்கம் செய்த வீட்டில் அந்த நேரத்தில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். என்ன பாவமோ, யார் சாபமோ என்று. ஆயர் வேலையில் அந்தப் பேச்சை நான் எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்டிருக்கிறேன். 40 வருஷம் கழித்து ஒரு வசனத்தில் நின்று 'தண்டனையா' என்று கேட்கிறீர்கள் என்றால், அது எப்பிராயீமைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. இல்லை, சகோதரி. உங்கள் மகனுடைய சாவு தண்டனை இல்லை.

அந்த வசனத்துக்கு அப்புறம் எப்பிராயீமுக்கு இன்னொரு மகன் பிறக்கிறான். வீட்டுக்குத் தீங்கு வந்திருந்ததால் அவனுக்குப் பெரீயா என்று பெயர் வைக்கிறான். 'தீங்கில்' என்பதற்கு எபிரெயத்தில் 'பெராஆ'. இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பாவம் அந்தப் பிள்ளை, அண்ணன்மாரின் சாவை வாழ்நாளெல்லாம் பெயராகச் சுமந்தானே என்று. ஆனால் அவனைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் போனவர்களின் நினைவும் வந்திருக்கும்.

அடுத்த வசனத்தைத்தான் நீங்கள் விட்டுவிடக்கூடாது. "இவனுடைய குமாரத்தி" சேராள், கீழ்ப்புறமும் மேற்புறமுமான பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினாள். 'இவன்' எப்பிராயீமா பெரீயாவா என்று இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். எப்படியானாலும் துக்க வீட்டுப் பெண். ஊர்களைக் கட்டினாள் என்று வேதாகமம் சொல்கிற பெண் இவள் ஒருத்திதான். அந்த இரண்டு பெத்தொரோனும் இன்றும் ரமல்லாவுக்கு மேற்கே மலைச்சரிவில் மேல் ஊர், கீழ் ஊர் என்று பாலஸ்தீனக் கிராமங்களாக இருக்கின்றன. பெய்த் ஊர் என்று அரபியில் சொல்வார்கள். சமவெளியிலிருந்து எருசலேம் பக்கம் ஏறுகிற பழைய பாதை அது. யோசுவா எமோரியரின் ஐந்து ராஜாக்களைத் துரத்தியதும், வானத்திலிருந்து கல்மழை விழுந்ததும் அந்த இறக்கத்தில்தான். அந்த யோசுவாவும் இதே எப்பிராயீம் வரிசையில் வருகிறார். 27-ஆம் வசனத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவர்களுக்கும் யோசுவாவுக்கும் நடுவில் ஆறே வசனம். மேலே உள்ள பெயர்களை வெட்டிவிட்டு யோசுவாவை மட்டும் வைத்துக்கொள்ள அந்த எழுத்தர் நினைக்கவில்லை.

ஏன் எழுதி வைத்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த அதிகாரங்கள் யூதர் பாபிலோனுக்குப் பிடிபட்டுப்போன சிறையிருப்புக்குப் பிந்தியவை. தாவீதின் வம்சம் பாபிலோனிலிருந்து திரும்பி வந்த செருபாபேலையும் தாண்டி 3-ஆம் அதிகாரத்தில் இறங்கிப்போவதைப் பார்த்தாலே தெரியும். கி.மு. 586 வாக்கில் எருசலேமும் ஆலயமும் எரிந்துபோன பின், நாம் யார், நம் நிலம் எது, ஆசாரியர் யார் என்று திரும்பி வந்தவர்கள் தேடினார்கள். எஸ்றா 2-ல் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காமல் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள். அட்டவணை அவர்களுக்கு அப்படிப்பட்ட காரியம். அந்தத் தேவைக்காகப் பட்டியல் போட உட்கார்ந்தவர், யூதா தன் துரோகத்தினால்தான் பாபிலோனுக்குப் பிடிபட்டுப்போனது என்பதை 9:1-ல் அந்தப் பட்டியலுக்குள்ளேயே எழுதிவிட்டார். தேசம் முழுவதும் தோற்றது என்று எழுதுகிறவர் ஒரு வீட்டின் தோல்வியை ஏன் மறைக்கப்போகிறார்?

ரூபன் தகப்பனுடைய படுக்கையைத் தீட்டுப்படுத்தியதால் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய பங்கை, இழந்தான் என்று அவன் பெயர் வரும் இடத்திலேயே சொல்கிறார். எரிகோவில் சாபத்தீடானதை, யாரும் எடுக்கக்கூடாது என்று விலக்கியதை, திருடிய ஆகானை, இஸ்ரவேலைக் கலங்கப்பண்ணினவன் என்று சொல்லி வரிசையில் வைக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சேலேத் புத்திரரில்லாமல் மரித்தான். இரண்டு வசனம் தள்ளி, யெத்தெரும் புத்திரரில்லாமல் மரித்தான். வம்ச அட்டவணை என்பது யார் யாரைப் பெற்றார் என்று எழுதுகிற இடம். யாரையும் பெறாதவனுக்கு அங்கே என்ன வேலை? அவனோடு அந்தக் கோடு நின்றுவிடுகிறது, யாருக்கும் பயன் இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறார். அவன் இருந்தான் என்பதே போதும் அவருக்கு. அதே அதிகாரத்தில் சேசானுக்கு மகள்கள் மட்டும்தான். தன் வீட்டு எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்கு ஒரு மகளைக் கொடுக்கிறான். நம் ஊரில் எத்தனை குடும்பப் புத்தகம் இதைச் சொல்லும்? இங்கே அந்த எகிப்தியனின் வழியாக 13 தலைமுறையை ஒவ்வொரு பெயராக எழுதிப்போகிறார்.

உங்கள் சித்தப்பா மகன் வேதம் தெரிந்தவர் என்றால் ஒரு கேள்வி கேட்பார்: மத்தேயு தன் சுவிசேஷத்தில் இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதும்போது ராஜாக்களை விட்டுவிட்டாரே? உண்மைதான். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூன்று பேரும் மத்தேயுவின் அட்டவணையில் இல்லை. பதினான்கு பதினான்கு தலைமுறையாக அமைத்துச் சொல்கிறார். சுருக்குவது குற்றம் இல்லை. உங்கள் புத்தகத்திலும் எல்லாரையும் எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆனால் அவர் யாரை விடவில்லை என்று பாருங்கள். தன் பிள்ளையைத் தீயில் கடக்கப்பண்ணிய மனாசே இருக்கிறான். சாலொமோனின் தாயைச் சொல்லும்போது பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்கிறார். தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர் அந்தச் சொற்களை எழுதியிருக்க மாட்டார்.

எங்கள் பாட்டியின் வேதாகமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் மைப்பேனாவால் எழுதியிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கலாம். அதில் ஐந்தாவது வரியை யாரோ அடித்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, மேலும் மேலும் அடித்து, நிப்பு குத்தித் தாள் கிழிந்தே போயிருக்கிறது. அப்பாவின் தம்பி ஒருவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன செய்தார், எங்கே போனார் என்று கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பக்கத்தைத் திருப்பினால் மறுபுறம் அச்சிட்ட ஆகமங்களின் அட்டவணையிலும் அந்த ஓட்டை. அந்த வேதாகமம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதைத் திறக்கிற பேரப்பிள்ளைகள் மற்ற பெயர்கள் எதையும் கேட்பதில்லை. 'இது யாரு தாத்தா' என்று அந்த ஓட்டையில் விரலை வைத்துத்தான் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

சரி, எப்படி எழுதுவது? கல்யாண வயதுப் பிள்ளைகளைப் பற்றிய பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. வரன் பேச வருகிறவர்கள் கையில் இந்தப் புத்தகம் போகும். அதனால் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கினார், அடமானப் பத்திரம் யார் கையில் போனது என்பதெல்லாம் வேண்டாம். எப்பிராயீம் வீட்டுக் கதை முழுவதும் மூன்று நான்கு வசனம்தான். அண்ணனின் பெயர், பிறந்த ஆண்டு, மனைவி, மகன் மகள் இருந்தால் அவர்கள் பெயர். அப்புறம் இப்படி ஒரு வரி போதும்: வியாபாரத்தில் நஷ்டப்பட்டு ஊரைவிட்டுப் போனார், 1998-ல் பம்பாயில் காலமானார். அவர் செய்த நல்லது ஒன்றிரண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் ஒன்றைச் சேருங்கள், வக்காலத்தாக அல்ல, மற்ற அண்ணன் தம்பிக்கு எழுதுவதுபோலவே. அவருடைய மனைவி பிள்ளைகள் எங்கே இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அது முதலில் அவர்களுடைய வரி.

'நாங்கள் யாரும் போகவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த மூன்று சொற்கள் தனியாக நிற்கின்றன. எப்பிராயீமுக்குச் சகோதரர் வந்தார்கள், உங்கள் அண்ணனுக்கு வரவில்லை. இதையும் புத்தகத்தில் எழுதுவதா என்பதை நீங்கள் மூன்று பேரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் எழுதுவேன். அண்ணன் தவறியதை எழுதிவிட்டு, நாம் போகாததை விட்டால் அந்தப் பக்கம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். சித்தப்பா மகனிடம் வாதாடாதீர்கள். 1 நாளாகமம் 7:20 முதல் 27 வரை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வீட்டு ஜெபத்தில் ஒரு நாள்.

மகனைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாவீதுக்கும், உரியாவின் மனைவியாயிருந்த அந்தப் பத்சேபாளுக்கும் முதலில் பிறந்த குழந்தை ஏழாம் நாளில் செத்துப்போனது. நாளாகமம் 3-ஆம் அதிகாரத்தில் அவளுடைய பிள்ளைகள் நான்கு பேரின் பெயர் இருக்கிறது, அந்தக் குழந்தை இல்லை. அதற்குப் பெயரும் எங்கும் இல்லை. ஆனால் இரண்டாம் சாமுவேல் 12-ல், அது வியாதியாயிருந்த நாளெல்லாம் ராஜா சாப்பிடாமல் இராமுழுதும் தரையில் கிடந்ததை எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் வந்து எழுப்பியும் எழும்பவில்லை என்பது வரைக்கும். அட்டவணை விட்டதை அந்தப் புத்தகம் வைத்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒரே புத்தகம்தான். அதில் அவனுக்கு இடம் கொடுங்கள். ஞானஸ்நானம் இல்லாததால் ஆலயப் பதிவேட்டில் அவன் இல்லாமல் இருக்கலாம். குடும்பப் புத்தகத்துக்கு அந்த விதி எதற்கு? உங்கள் பெயருக்குக் கீழே முதல் கோடு அவனுடையது. மூத்த மகன், 1984, நான்கு நாள் இருந்தான்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் பெயரை அந்தக் கோட்டின்மேல் எழுதலாமா என்று கேட்கவில்லை, ஆனால் அதைக் கேட்கத்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். எழுதலாம். எழுதாமல் உங்களோடு வைத்துக்கொள்ளவும் செய்யலாம். எழுதுவதாக இருந்தால், அச்சகத்துக்கும் சித்தப்பா மகனுக்கும் முன்னால் அதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் இருக்கிறார் என்றால், ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். 40 வருஷமாக அவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.